வால் நீண்ட கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும் என்பார்கள். கேட்க வழியில்லை, நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது எனக்கு நரைத்திருக்கும், உனக்கு மீசை இருக்கும், நான் சொல்வதில் பாதியைக்கூட நீ கேட்கமாட்டாய். பரவாயில்லை. இந்த வீட்டில் யாரிடம் எதைச் சொன்னாலும் சோறு வடிப்பதற்குள் அது அப்பாவின் காதுக்குப் போய்விடும். என்னைக் காட்டிக்கொடுக்க முடியாத ஒரே ஆள் நீதான். தவிர, வெளியூரில் இருக்கும் மகனுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம் ஒன்றைத் தமிழ் ஐயா வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறார். இடையிடையே அறிவுரை வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா விழித்துக்கொண்டு இந்நேரத்தில் என்னடி எழுத்து என்று கேட்டால், முதல் வரியை மட்டும் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். நாளைக் காலை ராசிங்காபுரத்திலிருந்து பெரிய மாமா வருகிறார். அக்காவைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்கு அவர் பெரியப்பா. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். கல்யாணத்துக்கு முன் ஒருநாள் அவரிடம் காட்ட வேண்டும் என்றுதான், தன் உயிரைவிட மேலாக வைத்திருக்கும் உறைகளை அப்பா எடுத்து வைத்தார். அவற்றை நான் பாழாக்கிவிட்டேன். அவற்றில் தலையானது இப்போது வீட்டிலேயே இல்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நாளைக்குப் பெரிய மாமா முன்னால் உறைகள் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போது தெரிந்துவிடும்.

உறை என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். புதுத் தபால்தலை ஒன்று வெளியாகும் நாளிலேயே அதை ஒரு படம் போட்ட உறையில் ஒட்டி, அன்றைய முத்திரையும் குத்தினால் அது முதல் நாள் உறை. சிலர் பூவுக்குச் சேர்ப்பார்கள், சிலர் பறவைக்குச் சேர்ப்பார்கள். அப்பா போர் விமானங்களுக்குச் சேர்க்கிறார். ஒவ்வொரு விமானப் படைப்பிரிவுக்கும் வெள்ளி விழா, பொன்விழா என்று உறை வந்தால் மதுரை வரை போய் வாங்கிவருவார். வாங்கினால் மட்டும் போதாது. அந்தப் படைப்பிரிவின் தளபதி அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக உறையைத் தளபதிக்கே அனுப்புவார், திரும்பி வருவதற்குத் தபால்தலை ஒட்டிய கவரோடு, ஒரு பொட்டலம் ஏலக்காயோடு. அப்பா ஏலக்காய் வியாபாரி. சல்லடையில் மேலே நிற்கும் பருமனான பச்சைக் காயாகப் பொறுக்கி எடுத்துத் தளபதிகளுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வெடித்த காயைக் கொடுப்பார்.

இவ்வளவுக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பில் போனாலே மூன்றாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார், ஆறாவது வளைவில் டிரைவர் கேட்காமலே வண்டியை ஓரங்கட்டுவார். படைப்பிரிவுக்கு இங்கிலீஷில் ஸ்குவாட்ரன் என்று பெயர். போடிக் கடைவீதியில் அது யார் வாயிலும் நுழையவில்லை. ஏலக்காய்க்காரருக்குச் சுக்கு வியாபாரமும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துச் 'சுக்குவாடன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் சுக்குவாடன் மகள். மகனே, உனக்கு ஏதாவது சேகரிக்கும் ஆசை வந்தால், ஊர்க்காரர்கள் வாயில் நுழையும் பொருளாகப் பார்த்துச் சேகரி. உன் பிள்ளைகள் உன்னை வாழ்த்துவார்கள்.

காணாமல் போன உறையைப் பற்றிச் சொல்கிறேன். அதன் இடது பக்கத்தில் கழுகுச் சின்னமும் மேலே ஏறும் விமானமும் இருக்கும். குறுக்கே நீல மையில் தளபதியின் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, மேலே மேலே போய், தபால்தலையைத் தொட்டு நிற்கும். நான் கொஞ்சம் பயந்தவள். கொஞ்சம் என்ன, பல்லிக்கும் கணக்கு டீச்சருக்கும் ஒரே அளவு பயப்படுவேன். அப்போதெல்லாம் அப்பா அந்த உறையை எடுத்துவருவார். "இந்த வாலப் பாரு ஆத்தா. பிளேனு ஏறுற மாதிரியே ஏறுதுல்ல? பயம்னா என்னன்னே தெரியாதவன் போட்ட கையெழுத்து இது. இப்பிடி இருக்கணும் மனுசன்" என்பார். நான் பார்ப்பேன். பயம் போகாது. ஆனால் அந்த வால் எனக்கும் பிடிக்கும்.

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது, உச்சியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு விமானம் போட வேண்டும் என்றார் அப்பா. பிள்ளையாருக்கு மூஞ்சூறு இருக்கிறது, அது போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் விமானம் இல்லாமல் சிவகாசியிலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது, வெள்ளை உறைகளோடு. அப்பா ஏலக்காய் எடுக்கக் குரங்கணி மலைக்குக் கிளம்பினார். ஐப்பசி மழைக்கு ஈரம் ஏறிவிடும் என்று தன் உறைகளில் நல்லவற்றை டப்பாவிலிருந்து எடுத்து, காற்றாட மேசைமேல் குப்புற வைத்துவிட்டுப் போனார். பக்கத்திலேயே கல்யாண உறைகள். அன்று சாயங்காலம் கரண்டும் போய்விட்டது.

எல்லா உறைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பத்திரிகையை உள்ளே போட்டு வை என்று அம்மா என்னிடம் சொன்னாள். நல்ல காரியத்துக்குப் போகும் காகிதம் மஞ்சள் இல்லாமல் படி இறங்கக் கூடாது என்பது அவள் சட்டம். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் நான் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருப்பேன். ஆனால் மடியில் வாரப் பத்திரிகை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் நான் தொடர்கதை படிக்கக் கூடாது. கதாநாயகியை அந்த வாரம் கிணற்று விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள். என் கண் கிணற்றில் இருந்தது. கை மட்டும் கிண்ணத்தில் தொட்டு, மூலையில் வைத்து, பத்திரிகையைச் சொருகி, அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தது. குப்புறக் கிடந்தால் எல்லா உறையும் வெள்ளைதானே. கதாநாயகி விழுந்தாளா என்று தெரிவதற்குள் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். நான் விழுந்துவிட்டேன். அது எனக்கே மறுநாள்தான் தெரிந்தது. மகனே, எந்தக் காகிதத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடு.

மறுநாள் அம்மா ராசிங்காபுரம் போய்ப் பெரிய மாமாவுக்கு முறைப்படி பத்திரிகை வைத்துவிட்டு வந்தாள். வந்ததும் பையை வீசினாள். "உங்கப்பா கிறுக்கு எங்க போயி நிக்கிது பாத்தியா? பத்திரிகையில வேணாம்னு சொன்னேன்ல, கவர்ல கொண்டாந்து ஏரோப்பிளேனப் போட்டுட்டாரு. தட்டுல வெத்தலை பாக்கோட எடுத்து வைக்கிறேன், அந்த மனுசன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஊத்தி வச்ச காப்பியக்கூடக் குடிக்கல. ஞாயித்துக்கெழம நானே வந்து பேசிக்கிறேன்னு மட்டும் சொன்னாரு."

நான் மேசைக்கு ஓடினேன். மற்ற உறைகளெல்லாம் அங்கேயே இருந்தன, வயிற்றில் பத்திரிகையும் மூலைகளில் மஞ்சளுமாக. கழுகு மட்டும் இல்லை. பத்திரிகைகளை உருவிவிட்டு, ஒரு உறையின் மூலையை ஈரத் துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் போகவில்லை, ரத்தச் சிவப்பாகிவிட்டது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. உனக்கு நான் இப்போதே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினேன். அப்பா இன்று இருட்டிய பிறகுதான் வந்தார். விருந்தாளி போன பிறகு சண்டையை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா கவர் பேச்சை எடுக்காமல், பெரிய மாமா வருகிறார் என்று மட்டும் சொன்னாள். அப்பா டப்பாவைத் தட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே தூங்கப்போனார். பெரிய மாமா முகம் எதற்கு வெளுத்தது என்றும் எனக்கு விளங்கவில்லை. அவமானப்படுத்திவிட்டோம் என்று நினைத்துக் கல்யாணத்தை நிறுத்த வருகிறாரோ? அக்கா பட்டுப்புடவைக்கு இன்று ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வந்தாள். இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

மகனே, நேற்று அங்கே நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா உயிரோடு இருக்கிறேன்.

பெரிய மாமா சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். அப்பா கறி எடுக்கப் போயிருந்தார், அம்மா அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தது நான். ஓங்குதாங்கான ஆள், முறுக்கிய மீசை. ராசிங்காபுரத்தில் அவர் 'பிளேன்காரர்'. அவர் தலைக்குமேல் விமானம் பறந்தால் சின்னப் பிள்ளைகள் அவரிடம் ஓடி வந்து அது எந்த வகை என்று கேட்பார்களாம். அப்பேர்ப்பட்டவர், அப்பா இருக்கிறாரா என்று ரகசியம்போல் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கழுகு உறையை எடுத்தார்.

"ஆத்தா, நெசத்தச் சொல்லு. உங்கப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுதான இத அனுப்பிவிட்டாரு?"

"இல்ல மாமா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான்."

"நீயா? நீயா கண்டுபிடிச்ச?"

"கண்டுபிடிக்கல மாமா. அன்னைக்கு வெளக்கே இல்ல."

"வெளக்கு இல்லாமயே கண்டுபிடிச்சுட்டியா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. இதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். என் மகனிடம் மட்டும்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அந்தக் கையெழுத்து எங்க தளபதி போட்டதில்ல ஆத்தா. நான் போட்டது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் விமானம் ஓட்டியவர் இல்லை. படைப்பிரிவின் ஆபீசில் எழுத்தர். ஊரில் பிளேன்காரர் என்றார்கள். இவர் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் போடியிலிருந்து ஒரு உறையும் ஏலக்காய்ப் பொட்டலமும் தளபதிக்கு வந்தன. தளபதி நீண்ட விடுப்பில் போயிருந்தார். உறை மேசையில் கிடந்தது. ஏலக்காய் கிடக்கவில்லை, ஆபீஸ் டீயில் போய்விட்டது. அடுத்து நினைவூட்டுக் கடிதம் வந்தது, இன்னொரு பொட்டலத்தோடு. அதுவும் டீக்குப் போனது. மூன்றாவது பொட்டலம் வந்தபோது பெரிய மாமாவுக்கு நெஞ்சு உறுத்தியிருக்கிறது. அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்தாராம். போடிநாயக்கனூர்.

"நம்ம ஊருப் பக்கத்து மனுசன். காயும் போயி கையெழுத்தும் போயி ஏமாந்துறக் கூடாதேன்னு, தளபதி கையெழுத்தப் பாத்துப் பாத்து நானே போட்டேன். முடிக்கிற நேரத்துல வராண்டாவுல பூட்சு சத்தம். கை வெடவெடன்னு நடுங்கிருச்சு. அதான் வால் அம்புட்டுத் தூரம் இழுத்துட்டுப் போயிருச்சு. இத்தன வருசங் கழிச்சு அதே கவரு, நாலு மூலையிலயும் மஞ்சளத் தடவிக்கிட்டு, வெத்தலை பாக்கோட என் வீட்டுக்கே வந்தா நான் என்னன்னு நெனைக்க? உங்கப்பா மரியாதையாச் செருப்பால அடிக்கிறாருன்னு நெனச்சேன்."

நான் என் கதையைச் சொன்னேன், தொடர்கதை உட்பட. சோப்பு போட்டதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பயந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பற்றி நீ சொல்லாதே, உன்னைப் பற்றி நான் சொல்லமாட்டேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தேக்கிலையில் கட்டிய கறியோடு அப்பா உள்ளே வந்தார். வாங்க சம்பந்தி என்று கை கூப்பியவர் கண் அந்த உறைமேல் விழுந்தது. கழுகு, வால், மூலைகளில் மஞ்சள், வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் அக்காவின் கல்யாணப் பத்திரிகை. அப்பாவின் கை கூப்பியபடியே நின்றுவிட்டது. கறிப்பொட்டலம் அதற்கு நடுவில் இருந்தது.

பெரிய மாமா சட்டென்று எழுந்து நின்றார். படையில் பழகிய பழக்கமாக இருக்கலாம், விறைப்பாக நின்றார். "சம்பந்தி, இந்த மரியாதைய எங்க வம்சத்துல யாருக்கும் யாரும் செஞ்சதில்ல. நான் சோலி பாத்த படையோட கவர்லயே பத்திரிகை வச்சிருக்கீங்களே. மனசு நெறைஞ்சு போச்சு. அதச் சொல்லத்தான் வெரசா ஓடியாந்தேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். மிளகாய் நெடியோடு அடுப்படி வாசலில் நின்ற அம்மா, கவரில் ஏரோப்பிளேன் வந்த வழி இப்போதுதான் புரிந்ததுபோல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பல்லி இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தேன். "ஆமா சம்பந்தி. ரொம்ப யோசனை பண்ணித்தான் வச்சோம்" என்றார் அப்பா.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அப்பா ஆசை யாரை விட்டது? டப்பாவை எடுத்துவந்து திறந்தார். மூடி கழன்றதும் ஏலக்காய் மணம் வந்தது, பிறகு வரிசையாக மஞ்சள் மூலைகள் வந்தன. ஒன்றில் சிவப்பு வேறு. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிய மாமாதான் முதலில் கையை நீட்டி அந்தச் சிவப்பு மூலை உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதத்தான் சம்பந்தி நாங்களும் செய்வோம். ஆயுத பூசை அன்னைக்கி பிளேனுக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்காம யாரும் தொடமாட்டோம். நீங்க வீட்டுல இருந்தே வச்சிருக்கீங்க." ஆயுத பூசை போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்பா முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வைக்காமல் இருக்க முடியுமா என்றுகூடச் சொன்னார்.

பிறகு அப்பா அந்தச் சிவப்பு மூலை உறையை அவர் பக்கம் தள்ளினார். அதில் கையெழுத்து இல்லை. எத்தனை பொட்டலம் அனுப்பியும் அந்தத் தளபதி போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார். "நீங்களும் படைக்காரர்தான. ஒரு கையெழுத்துப் போடுங்க." பெரிய மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? பேனாவை வாங்கி, தப்பித்துக்கொள்ள நினைத்தோ என்னவோ, தமிழில் போட்டார். முதல் எழுத்துகள் நன்றாகத்தான் வந்தன. முடிக்கும் நேரத்தில் அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி மேலே மேலே போய்த் தபால்தலையைத் தொட்டு நின்றது.

அப்பா அந்த உறையைக் கழுகு உறைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஏலக்காய்த் தரம் பிரிக்கும்போதுதான் அவர் கண் அப்படிச் சுருங்கும். பெரிய மாமாவின் மீசை நுனி ஆடியது. அப்பா நிமிர்ந்தார்.

"சம்பந்தி, டீ சொல்லட்டுமா? ஏலக்காய் போட்டு?"

பெரிய மாமாவுக்குப் புரையேறியது, இன்னும் எதுவும் குடிக்காமலேயே. அப்பா அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார், தேவைக்குச் சற்று அதிகமாகவே. கிளம்பும்போது கழுகு உறையை அவர் திருப்பி நீட்ட, அப்பா வாங்கவில்லை. வைத்த பத்திரிகையைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்றார். வழியனுப்பிவிட்டு வந்து அம்மாவிடம், "அது உரிய ஆளுகிட்டப் போயிச் சேந்துருச்சு" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. கறி தீய்ந்துவிடும் என்று உள்ளே போனாள். சிவப்பு மூலை உறையை அப்பா டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மூடும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆத்தா, மஞ்சள்ல சோப்பு பட்டாச் செவக்கும். இன்னொருத்தர் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதயாவது தெரிஞ்சுக்க."

மகனே, அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. பயம் தெரியாதவன் கையெழுத்து என்று அவர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது, பயத்தில் நடுங்கிய ஒருவர் யாரோ ஒரு போடிக்காரர் ஏமாந்துவிடக் கூடாது என்று போட்டது. அதைச் சொல்லி அறிவுரை ஒன்று எழுதலாம் என்று பார்க்கிறேன், சரியாக வரவில்லை. தமிழ் ஐயாவுக்கு வேறு கடிதம்தான் எழுத வேண்டும். நீ பிறந்து வளர்ந்து எதற்காவது பயந்தால் என்னிடம் வா. தைரியமாக இரு என்று நான் சொல்லமாட்டேன். உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பயப்படுகிறேன். இரண்டு பேராகப் பயப்பட்டால் ஏதாவது வழி பிறக்கிறது, இன்று பார்த்தேன்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அழகாகத்தான் தொடங்கினேன். வால் எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்காதே. அம்மா பாயிலிருந்து எழுந்திருக்கும் வளையல் சத்தம் கேட்டது.